பொருளீட்டுக் கடன்: உளுந்தை அடகு வைத்தால் விலை காப்பாற்றப்படுமா?

பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. செப்டம்பர் 30 வரை என்று அறிவித்த சலுகை பிறகு டிசம்பர் 31 வரை நீண்டது. வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் வருகிறது என்றதும், அந்த நாட்டு விவசாயிக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அமெரிக்காவில் விளைச்சலின் மேல் அரசே கடன் தருகிறது, விலை இறங்கினால் குறைத்துக் கட்டினால் போதும் என்ற தகவல் பரவியது. 'நம்ம ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் விளைபொருள் மேல் கடன் உண்டே, அது இதுதானா?' என்ற குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விளைபொருள் ஏலம் நடக்கும் அரசுச் சந்தையான விற்பனைக்கூடம் தருவது பொருளீட்டுக் கடன், அமெரிக்க அரசு தருவது விற்பனைக் கடன். இரண்டும் விளைபொருளை ஈடாக வைத்து வாங்கும் கடன்கள்தான். ஆனால் விலை விழுந்தால் அந்த நட்டம் யார் தலையில் விடிகிறது என்ற ஓர் இடத்தில் இரண்டும் பிரிகின்றன. காவிரி டெல்டாவில் நெல்லுக்கு ஒரு கதை, உளுந்துக்கு வேறு கதை, பருத்திக்கு இன்னொரு கதை என்று ஆவதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது.

அறுவடை நாளில் விலை ஏன் படுத்துவிடுகிறது

சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் பயிர் வளர்ந்து, பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தெளித்ததால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் விளைகிறது. வியாபாரிக்குச் சரக்கு தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை.

காத்திருந்து விற்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். காத்திருக்க முடியாததற்குக் காரணங்கள் மூன்று.

1. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே அந்தத் தேதிக்குள் கையில் ரொக்கம் வேண்டும்.

2. அறுவடை இயந்திர வாடகை, ஆட்கூலி, உரக்கடை பாக்கி, குத்தகை எல்லாம் களத்துமேட்டிலேயே வந்து நிற்கும்.

3. வைக்க இடமில்லை. பத்தாயமும் குதிரும் இருந்த வீடுகளில் விளைச்சல் மாதக்கணக்கில் காத்திருந்தது. இப்போது கட்டும் வீடுகளில் பத்தாயத்துக்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது காரணத்துக்குக் கிடங்கு தீர்வாகலாம். முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். கிடங்கையும் பணத்தையும் சேர்த்துத் தருகிற ஏற்பாட்டுக்குத்தான் பொருளீட்டுக் கடன் என்று பெயர்.

நகைக்கடனிலிருந்து பார்ப்போம்

டெல்டாவில் நகைக்கடன் தெரியாத வீடு இருக்காது. நகையின் மதிப்பு முழுவதையும் வங்கி தராது. ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். தங்கம் விலை ஏறினால் லாபம் நகைக்காரருக்கு. விலை விழுந்து, நகையை ஏலம் விட்டும் கடன் தீரவில்லை என்றால், பாக்கிக்கு வங்கி ஆளைத் தேடி வரும். அதாவது, நகை வங்கியின் கைக்குப் போனாலும் கடன் ஆளை விடுவதில்லை. இந்த வகையை இந்தக் கட்டுரையில் 'ஆளைத் தொடரும் கடன்' என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வகையும் உண்டு. 'பொருளை எடுத்துக்கொள், கணக்கு முடிந்தது' என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். பொருளின் விலை கடனைவிடக் கீழே போயிருந்தாலும் மேற்கொண்டு ஒரு பைசா கேட்க முடியாது. இதைப் 'பொருளோடு முடியும் கடன்' என்போம்.

இங்கே விற்பனைக்கூடத்தில் கிடைப்பது முதல் வகை. அமெரிக்காவில் பேசப்படுவது இரண்டாவது வகையில் தொடங்கி, அதையும் தாண்டிப் போன ஒன்று.

நம் ஊர் ஏற்பாடு

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வேர் 1933-ஆம் ஆண்டின் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி முதல் கூடம் 1936-ல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 1987. டெல்டாவில் கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர், செம்பனார்கோயில், குத்தாலம் என்று பல ஊர்களில் கூடங்கள் இருக்கின்றன. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலம் நடக்கும் இடம் என்றுதான் பெரும்பாலோருக்கு அவற்றைத் தெரியும். கிடங்கும் கடனும் அங்கேயே உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது.

கடன் இப்படி நடக்கும்:

1. காயவைத்துத் தூற்றிச் சுத்தம் செய்த விளைபொருளைக் கூடத்துக் கிடங்கில் இறக்க வேண்டும்.

2. எடையும் தரமும் பார்த்து, அன்றைய சந்தை விலையில் மதிப்புப் போடுவார்கள்.

3. அந்த மதிப்பில் 75 சதவீதம் வரை விவசாயிக்குக் கடன் கிடைக்கும். மொத்தத் தொகைக்கு அரசாணையில் உச்சவரம்பு உண்டு.

4. வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். காலம் 180 நாள்.

5. அதற்குள் விலை ஏறினால் விற்று, கடனையும் வட்டியையும் கட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

விலை இறங்கினால்? ஐந்தாவது படி அப்படியேதான் இருக்கும். விற்க வேண்டும், கடனையும் வட்டியையும் கட்ட வேண்டும். மீதி குறையும், அவ்வளவே.

ஒரு கணக்கு

எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. பத்து குவிண்டால் உளுந்து, அறுவடை நாளில் குவிண்டால் 7,000 ரூபாய் என்று வைப்போம். அன்றே விற்றால் 70,000.

விற்காமல் கிடங்கில் வைத்தால் கடன் 52,500. ஆறு மாத வட்டி சுமார் 1,313 ரூபாய். ஏற்றுக்கூலி, கிடங்கு வாடகைக்கு 500 ரூபாய் என்று கொள்வோம். காய்ந்து எடை 2 சதவீதம் குறையும் என்றால் கையில் இருப்பது 980 கிலோ.

அன்றே விற்றவரோடு சமமாக நிற்க இந்த 980 கிலோ 71,813 ரூபாய்க்குப் போக வேண்டும். அதாவது குவிண்டால் விலை சுமார் 7,330-ஐத் தொட வேண்டும். ஏறக்குறைய ஐந்து சதவீத ஏற்றம். அதற்கு மேல் ஏறுவதுதான் காத்திருந்ததற்கான கூலி. இதே தொகையை வெளியில் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கி உளுந்தை வீட்டில் வைத்திருந்தால் வட்டி மட்டும் 6,300 ரூபாய். கிடங்குச் செலவு இல்லாவிட்டாலும் விலை சுமார் 7,790-ஐ எட்டினால்தான் கைநட்டம் இல்லை. பொருளீட்டுக் கடனின் உண்மையான பலன் இந்த இரு விலைகளுக்கும் நடுவிலுள்ள சுமார் 460 ரூபாய் இடைவெளியில் இருக்கிறது. காத்திருப்பதற்கு ஆகும் செலவை அது குறைக்கிறது.

இப்போது விலை 6,200-க்கு இறங்கியது என்று வைப்போம். 980 கிலோவுக்கு 60,760. கடனும் வட்டியும் 53,813, செலவு 500. மிஞ்சுவது 6,447. முன்பு வாங்கிய 52,500-ஐயும் சேர்த்தால் மொத்தம் 58,947. அறுவடை நாளில் விற்றிருந்தால் 70,000. பதினோராயிரம் ரூபாய் போயிற்று.

விலை 5,000-க்கு விழுந்தால் இன்னும் மோசம். விற்ற பணம் 49,000. கட்ட வேண்டியது 53,813. கைப்பணத்தைப் போட்டுக் கடனை அடைக்க வேண்டும்.

முதலிலேயே பிடித்து வைத்த 25 சதவீதம் யாருக்குப் பாதுகாப்பு என்பது இந்தக் கணக்கில் புரியும். விலை கால்பங்கு விழும் வரை கடன் கொடுத்தவருக்கு நட்டமில்லை. அந்தக் கால்பங்கு முழுவதும் விவசாயியின் பணம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது

நம் சந்தைச் சட்டம் வந்த அதே 1933-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, ரூஸ்வெல்ட் அரசு கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தை அமைத்தது. விளைபொருள் மீது கடன் தருவது அதன் வேலை. அந்த ஆண்டு பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட், மக்காச்சோளத்துக்கு புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 45 சென்ட் என்று கடன் விகிதத்தை அரசே நிர்ணயித்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அன்றைய சந்தை விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடவில்லை. விலை எவ்வளவு இருந்தாலும் கடன் இவ்வளவு.

அது பொருளோடு முடியும் கடன். விலை கடன் விகிதத்துக்கு மேலே போனால் விற்றுக் கடனை அடைக்கலாம். கீழே போனால் பொருளை அரசிடம் விட்டுவிட்டுப் போகலாம். ஆக, கடன் என்று பெயர் இருந்தாலும் அது அரசு கொடுத்த குறைந்தபட்ச விலை.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. விலை விழும் ஆண்டுகளில் எல்லாரும் பொருளை விட்டுவிட்டுப் போனால் அரசின் கிடங்கு நிரம்பும். 1980-களின் தொடக்கத்தில் தேங்கிய தானியத்தை என்ன செய்வது என்று தெரியாமல், 1983-ல் நிலத்தைத் தரிசாகப் போடும் விவசாயிகளுக்குப் பணத்துக்குப் பதில் அரசுத் தானியத்தையே கொடுக்கும் அளவுக்குப் போனார்கள். விளைந்ததை வாங்கிக் குவித்து, பிறகு விளைவிக்காமல் இருப்பதற்கு அதையே கூலியாகக் கொடுத்த வேடிக்கை அது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் இப்போது பேசப்படும் விற்பனைக் கடன். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் நெல்லுக்கும் பருத்திக்கும் இதைக் கொண்டுவந்தது. பிறகு எண்ணெய் வித்துகள், கோதுமை, தீவன தானியங்களுக்கும் விரிந்தது. விவசாயிக்கு நான்கு வழிகள்:

1. விலை ஏறினால் கடனையும் வட்டியையும் கட்டிப் பொருளை மீட்டு விற்கலாம்.

2. விலை கடன் விகிதத்துக்குக் கீழே போனால், அந்தத் தாழ்ந்த விலையிலேயே கடனைத் திருப்பிக் கட்டலாம். வித்தியாசம் விவசாயிக்கு. வட்டியும் கிடையாது.

3. கடனே வாங்காமல், அந்த வித்தியாசத்தை மட்டும் பணமாகக் கேட்டு வாங்கலாம்.

4. ஒன்பது மாதத் தவணை முடிவில் பொருளை ஒப்படைத்துவிடலாம்.

இரண்டாவது வழிதான் 1985-ன் புதுமை. விவசாயிக்கு விலை கிடைத்தது. பொருளும் அரசுக் கிடங்குக்குப் போகாமல் சந்தையிலேயே விற்றது. திருப்பிக் கட்டும் விலையை விவசாயியின் விற்பனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நெல்லுக்கும் பருத்திக்கும் உலகச் சந்தை விலையிலிருந்து கணக்கிட்டு அரசு வாரந்தோறும் அறிவிக்கிறது. தான் எவ்வளவுக்கு விற்றாலும் விவசாயிக்குக் கிடைக்கும் வித்தியாசம் மாறாது என்பதால், நல்ல விலைக்குப் பேரம் பேசும் அக்கறை அவருக்குக் குறைவதில்லை.

நம் உளுந்துக் கணக்கை அதில் பொருத்திப் பார்க்கலாம். கடன் விகிதம் 7,000 என்றால் பத்து குவிண்டாலுக்குக் கடன் 70,000. விலை 6,200-க்கு இறங்கினால் கட்ட வேண்டியது 62,000. எட்டாயிரம் கையில் நிற்கும். உளுந்தை 62,000-க்கு விற்றால் மொத்தம் மறுபடி 70,000. 5,000-க்கு விழுந்தாலும் இதே எழுபதாயிரம்தான்.

அந்தத் தரை எவ்வளவு உயரம்?

அமெரிக்க விவசாயிக்கு மிக உயர்ந்த விலை உறுதியாகிவிட்டது என்று இதைப் படித்ததும் தோன்றும். எண்ணைப் பார்த்தால் அப்படியில்லை. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெல்லுக்கான கடன் விகிதம் நூறு பவுண்டுக்கு 7 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் குவிண்டாலுக்குச் சுமார் 1,310 ரூபாய். 2025-ல் வந்த சட்டம் இதை ஓரளவு உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,389, மாநில ஊக்கத்தொகை 156, மொத்தம் 2,545 ரூபாய். பொது ரகத்துக்கு 2,369 உடன் 131 சேர்ந்து 2,500.

அங்கே விற்பனைக் கடன் என்பது அடித்தளம் மட்டும். அதற்கு மேல் வேறொரு திட்டத்தில், 2018 சட்டப்படி நெல்லுக்கு நூறு பவுண்டுக்கு 14 டாலர் என்ற குறிப்பு விலை இருந்தது. குவிண்டாலுக்கு ஏறக்குறைய 2,620 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போனால் தனியாக ஒரு தொகை வரும். பயிர்க் காப்பீட்டு மானியம் வேறு. 'கடன் கொடுத்துக் குறைத்துக் கட்டச் சொல்கிறார்கள்' என்று ஒரு திட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒப்பிடுவது இதனால்தான் சரிவராது.

நெல்லுக்கு இந்தக் கடன் ஏன் அதிகம் பேசப்படுவதில்லை

இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகமே 1965-ல் தஞ்சாவூரில்தான் திறந்தது. 2002 அக்டோபர் முதல் மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதலை ஏற்று நடத்துகிறது. நேரடி கொள்முதல் நிலையம், ஊர் வழக்கில் டி.பி.சி., நெல்லுக்கு விலைத் தரை. 2025-26-ல் நாற்பது கிலோ மூட்டைக்குப் பொது ரகம் ஆயிரம் ரூபாய், சன்ன ரகம் 1,018 ரூபாய் என்று தெரிந்தே அறுத்தார்கள்.

அந்த விலை பருவம் முழுக்க ஒன்றுதான். தை மாதம் போட்டாலும் மாசியில் போட்டாலும் அதே தொகை என்றால் காத்திருந்து என்ன பயன்? இன்னொன்று, இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரத்தோடு வருகிறது. கொள்முதலுக்கே ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் மத்திய அரசைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபர் குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டபோது நிலைய வாசல்களில் நெல் தேங்கி, நனைந்து, முளைவிட்டதைப் பார்த்தோம். அந்த நெல்லை எந்தக் கிடங்கும் ஈடாக ஏற்காது. அங்கே இருந்த பிரச்சினை விலையைப் பற்றியதல்ல. சாக்கு, லாரி, உலர்த்தும் களம், நகர்வு பற்றியது. அதற்குக் கடன் மருந்தில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆந்திரா பொன்னி போன்ற சாப்பாட்டு ரகங்களுக்கு வியாபாரி டி.பி.சி.யைவிட அதிகம் தரும் ஆண்டுகள் உண்டு. பழைய நெல்லின் அரிசிக்கு எப்போதும் தனி மதிப்பு. நன்றாகக் காயவைத்து, மூட்டை கட்டி, சில மாதம் வைத்து விற்கக்கூடிய அந்த நெல்லுக்குப் பொருளீட்டுக் கடன் பொருந்தும்.

உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும்

இங்கேதான் இந்தக் கடனுக்கு உண்மையான வேலை. 2025-26-க்கு உளுந்தின் ஆதரவு விலை 7,800, பச்சைப்பயறு 8,768 ரூபாய். ஆனால் பயறுக்கு ஊருக்கு ஊர் டி.பி.சி. கிடையாது. 2018-ல் வந்த மத்திய அரசின் விவசாயி வருமானப் பாதுகாப்புத் திட்டமான பி.எம். ஆஷாவின் விலை ஆதரவுப் பிரிவில், சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும்போது தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையமான நாபெட் நிறுவனத்துக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் கொள்முதல் செய்கின்றன. அதற்கு அனுமதி வர வேண்டும், தேதி அறிவிக்க வேண்டும், நில உடைமையையும் சாகுபடியையும் காட்டும் சிட்டா, அடங்கலோடு பதிய வேண்டும், தரம் தேற வேண்டும். அறுவடைக்கும் கொள்முதல் தொடங்குவதற்கும் நடுவே சில வாரம் ஓடிவிட்டால், பணம் அவசரப்பட்டவரின் பயறு அதற்குள் வியாபாரி கிடங்குக்குப் போயிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பொருளீட்டுக் கடனைப் பயன்படுத்தலாம் என்பது என் கணிப்பு. ஆறு மாதம் வைத்து உச்ச விலையைப் பிடிப்பதைவிட, கொள்முதல் தொடங்கும் வரை மூன்று நான்கு வாரம் தாக்குப்பிடிக்க அது உதவும். மூன்று வாரத்துக்கு 52,500-க்கு வட்டி 150 ரூபாய் சுற்றியே வரும்.

குத்தகைதாரருக்கு இதில் ஒரு முடிச்சு. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகையில் உழுவோர் ஏராளம். விளைபொருளை ஈடாகக் கேட்கும் கடனுக்கு நிலப் பத்திரம் தேவையில்லை என்பதே அதன் அழகு. உழுதவர் இவர்தான் என்று காட்ட அடங்கல் கேட்கப்படும்போது அந்த அழகு பாதி போய்விடுகிறது.

பருத்தி ஏன் அமெரிக்காவில் ஈடாகிறது, இங்கே ஆவதில்லை

அமெரிக்க விவசாயி விதையைப் பிரிக்கும் அரவை முடிந்த பஞ்சைப் பேலாக, அதாவது பொதியாகக் கட்டி ஈடு வைக்கிறார். ஒரு பேல் சுமார் 480 பவுண்டு. ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து, இழை நீளமும் நிறமும் சோதித்து, தனி எண் கொடுத்திருப்பார்கள். பேலைப் பார்க்காமலே அதன் மதிப்பைச் சொல்லலாம். கடன் கொடுக்க அதுதான் வேண்டும்.

நம் விவசாயி விதையோடு விற்கிறார். முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்று தவணை தவணையாக வருவதைச் சாக்கில் திணித்து ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். இடத்தை அடைக்கும், தீப்பிடிக்கும், கோடை மழையில் நனைந்தால் கறை படியும். வெளிமாவட்ட வியாபாரிகள் வந்து ஏலம் கேட்டு அன்றே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சேமித்து வைக்கத்தக்க சரக்கான பேல், அரவை ஆலையில்தான் பிறக்கிறது; அப்போது அது விவசாயியுடையதில்லை. 2022-ல் குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டிய விலையைப் பார்த்து மறு ஆண்டு பரப்பைக் கூட்டியவர்கள், விலை சரிந்தபோது கிடைத்ததற்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது இதனால்தான். பருத்திக்கு 2025-26 ஆதரவு விலை நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110. அதில் வாங்க வேண்டிய பொறுப்பு இந்தியப் பருத்திக் கழகத்துக்கு. கழகம் ஏலத்துக்கு வருகிறதா என்பதைப் பொறுத்தே அந்த எண்ணுக்கு மதிப்பு.

2025-ன் வரிவிலக்கு வந்தபோது டெல்டாவின் கோடைப் பருத்தி பெரும்பாலும் விற்று முடிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு விலைக்கு அதை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது.

அதே மாதிரி இங்கே கொண்டுவந்தால்?

வித்தியாசத்தை மட்டும் பணமாகக் கொடுக்கும் யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசம் 2017-ல் பாவாந்தர் திட்டத்தில் உளுந்து, சோயா உட்பட எட்டுப் பயிர்களுக்குச் செய்து பார்த்தது. வித்தியாசத்தை அரசு தரப்போகிறது என்று தெரிந்ததும், திட்டம் நடக்கும் வாரங்களில் வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பதிவு செய்யாத விவசாயிக்கு இரட்டை அடி: வித்தியாசமும் இல்லை, சந்தை விலையும் இல்லை. 2025-ல் சோயாவுக்கு அதே திட்டம் திரும்ப வந்தது. பி.எம். ஆஷாவிலும் எண்ணெய் வித்துகளுக்கு இப்படி ஒரு பிரிவு உண்டு.

நாலைந்து வியாபாரிகள் மட்டும் வந்து கேட்கும் ஒரு டெல்டாக் கூடத்தில் இது எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஒப்பிடும் விலையை உள்ளூர் ஏலத்திலிருந்து எடுத்தால் திட்டம் வியாபாரிக்கு மானியமாக முடியும்.

வெளிநாட்டுச் சிக்கலும் உண்டு. பருத்திக்கான அமெரிக்க விற்பனைக் கடன் உள்ளிட்ட மானியங்கள் உலக விலையை அழுத்துகின்றன என்று பிரேசில் தொடுத்த வழக்கில், 2005 மார்ச்சில் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு பிரேசிலுக்குச் சாதகமாகச் சொன்னது. இழுபறிக்குப் பின் 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா சமரசம் செய்துகொண்டது. அந்த அமைப்பின் விதிப்படி இந்தியாவுக்கும் பயிர் மதிப்பில் 10 சதவீதம் என்ற மானிய வரம்பு இருக்கிறது. நெல்லில் அதைத் தாண்டியபோது, உணவுப் பாதுகாப்புக்கான இருப்பு என்ற வகையில் 2013 பாலி மாநாட்டில் கிடைத்த, வழக்குக்கு ஆளாகாமலிருக்கும் பாதுகாப்பைக் காட்டியது. வித்தியாசத் தொகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது; அது அரசு வாங்கி இருப்பு வைப்பதற்கு மட்டும்.

கிடங்கு ரசீதும் மின்னணு முறையும்

கிடங்குச் சட்டம் 2007-ல் வந்து 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கிடங்குகளுக்கான ஒழுங்காணையத்தில் பதிந்த கிடங்கில் சரக்கு வைத்தால் கைமாற்றத்தக்க ரசீது கிடைக்கும். 2017 முதல் அது மின்னணு வடிவில் வருகிறது. அதைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் கேட்கலாம், சரக்கை நகர்த்தாமலே விற்கலாம். இந்த ரசீதுக் கடனுக்கு வங்கிகள் தயங்காமலிருக்க 2024 டிசம்பரில் 1,000 கோடி ரூபாயில் ஒரு கடன் உத்தரவாதத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. உத்தரவாதம் வங்கிக்கு. விவசாயியைப் பொறுத்தவரை இதுவும் ஆளைத் தொடரும் கடன்தான்.

ஈடு வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. உலர்வு. பயறில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வராமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும்.

2. வண்டு. பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு வந்துவிடும். இரண்டு மாதத்தில் மூட்டை முழுக்கத் துளை. கிடங்கில் மருந்துப் புகை போடும் முறை உண்டா, கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேட்காமல் இறக்கக் கூடாது.

3. காப்பீடு. தீ, வெள்ளத்துக்குச் சரக்கு காப்பீட்டில் இருக்கிறதா என்று ரசீதில் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் தாழ்வான கிடங்கு எந்த ஊரில் இருந்தாலும் இது தேவை.

4. தேதி. சித்திரை நடுவில் வைத்தால் 180 நாள் ஐப்பசியில் முடியும். 'ஆடியில் விலை ஏறும்' என்ற பழைய அனுபவம், உள்ளூர் விளைச்சல் தீரும்போது விலை ஏறிய காலத்தது. இப்போது உளுந்தின் விலையை மியான்மரிலிருந்து வரும் கப்பலும் முடிவு செய்கிறது. இறக்குமதிக்கு 2026 மார்ச் 31 வரை வரியில்லா அனுமதி கொடுத்திருந்தார்கள். செப்டம்பர் அக்டோபரில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசத்துப் புது உளுந்து வரத் தொடங்கும். ஆகவே 180 நாளும் உண்டு என்பதற்காக 180 நாளும் வைத்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன கணக்கில் 7,330 தாண்டி ஒரு விலை ஆனி, ஆடி, ஆவணிக்குள் வந்தால், அந்த ஏலத்திலேயே மூட்டையை இறக்கிவிடலாம்.